அளவுகோல் யாருடையது?

நாம் குடியிருக்கும் வட்டாரத்திற்கு அரசு வைத்த பெயர் புலிகேசி நகர். சட்டமன்றத் தொகுதியின் பெயரும் அதுவே. ஆனால் ஆட்டோக்காரரிடம் நாம் சொல்வதோ பிரேசர் டவுன்! மைசூரில் வெள்ளை அரசின் ரெசிடெண்டாக இருந்த ஸ்டுவர்ட் பிரேசரின் பெயர் அது. ஊர்ப்பெயர் நாவில் ஒட்டிக்கொண்டதைப் பொறுத்துக்கொள்ளலாம். நம்மவர் திறமையை அளக்கும் கோலும் வெள்ளையனுடையதாகவே இருப்பதைப் பொறுக்கலாமா?

சிவாஜி கணேசனைப் பாருங்கள். 1952-இல் 'பராசக்தி' வந்தது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்த உழைப்பாளி மக்கள் அன்றே அவரை இன்னாரென்று கண்டுகொண்டார்கள். 'சிவாஜி' என்ற பெயரே அவருடைய மேடை நடிப்பைக் கண்டு பெரியார் தந்தது. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழா அவரைச் சிறந்த நடிகர் என்றது. டில்லி 1966-இல் பத்மஸ்ரீ தந்தது. ஆனால் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை ஒருமுறைகூட அவருக்குத் தரவில்லை. 1995-இல் பிரான்ஸ் செவாலியே விருது தந்தது. 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அதன் பிறகே வந்தது!

டில்லியை மட்டும் ஏசி என்ன பயன்? 'தென்னாட்டு மார்லன் பிராண்டோ' என்று பூரித்தவர்கள் நாம்தானே! பிராண்டோவை 'அமெரிக்காவின் சிவாஜி' என்று எந்த அமெரிக்கனாவது அழைத்தானா? ஜி.டி. நாயுடு 'இந்தியாவின் எடிசன்'. கோவை 'தென்னாட்டு மான்செஸ்டர்'. புகழ்வதாக எண்ணி நம்மவரை நகலாக்கி விடுகிறோம். அயலார் பாராட்டினால் மகிழ்வோம். அதுவரை வாய் திறக்காமல் காத்திருப்பதுதான் அடிமைப் புத்தி.

இந்தப் புத்தி நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது, தோழர்களே! பிள்ளை நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் 'துரை மாதிரி பேசுகிறான்' என்று தெருவெல்லாம் சொல்கிறோம். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமுமாக இரண்டையும் பிழையின்றி எழுதும் மகளை யாரிடம் சொன்னோம்? தூக்குக்குண்டு பிசகாமல் சுவர் எழுப்பும் அண்ணனை, ஒரே பார்வையில் அளவெடுத்து ரவிக்கை தைக்கும் அக்காவை என்றைக்குப் பாராட்டினோம்? பிள்ளைகள் இங்கிலீஷ் கற்கட்டும். பிழைப்புக்கு அது வேண்டும். ஆனால் அது வராத பிள்ளையை மட்டம் என்று எண்ண வைத்தால், அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் கூனியே நிற்கும்.

வெள்ளையன் 1947-இல் போய்விட்டான். அவன் விட்டுச் சென்ற கோலை நாமாகத்தான் கீழே போட வேண்டும். இன்று இரவு சோறு போடும்போதே தொடங்குவோம். பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை, யாரோடும் ஒப்பிடாமல், அதன் பெயரைச் சொல்லியே பாராட்டுவோம்!