பேனையால் குத்தும் பிளக் பொயின்ட்



வெளிநாட்டுப் பார்சல் வந்தால் நம் வீடுகளில் நடப்பது இதுதான். இரண்டு முள் பிளக், 13 அம்பியர் சதுரப் பொயின்ட். மேல் ஓட்டையில் பேனையோ ஈர்க்கோ விட்டு அமத்தி, பிளக்கைச் செருகுகிறோம். பக்கத்தில் நின்று பிள்ளை பார்க்கிறது.

அந்த மேல் ஓட்டை ஏர்த்துக்கு உரியது. ஏர்த் முள் நீளமாக இருப்பதே, அது முதலில் போய் மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடியையும் திறப்பதற்குத்தான். சின்ன விரலும் கம்பியும் கரண்டைத் தொடாமல் இருக்க வைத்த பூட்டு அது. அதை உடைக்கும் வித்தையை நாமே பிள்ளைக்குப் பழக்குகிறோம்.

ஜெர்மனி அயன்பொக்ஸின் ஏர்த் பிளக்கின் பக்கவாட்டில் இருக்கிறது. நம் பொயின்டில் அது எதிலும் முட்டாது. கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டை மாற்றாது. அந்தக் கேத்தல் இங்கே கிட்டத்தட்ட 4 மடங்கு சூடேற்றப் பார்க்கும்.

“இவ்வளவு நாளும் ஒன்றும் நடக்கேல்லையே” என்பது ஒரு நியாயமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சதுர முள்ளையே நாட்டின் நியமமாக்கிவிட்டது. ஆனாலும் எதையும் செருகக்கூடிய, மூடியில்லாத மல்டி பிளக் கடைகளில் தொங்குகிறது. கேட்டு வாங்குவது நாங்கள்தானே?

230 வோல்ட் சாமான் என்றால், வயரிங் தெரிந்தவரைக் கொண்டு பியூஸ் உள்ள சதுர பிளக் போடுங்கள். 120 என்றால் செருகவே வேண்டாம். பேனை எழுதுவதற்கு.