ஒற்றைக்கண் தவளை

நம் மருத்துவமனையின் பின்புறத் தோட்டத்தில், நந்தியாவட்டைச் செடிகளின் அடியில், வண்ணம் தீட்டிய கற்கள் சில கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பொறிவண்டு, ஆமை, கத்தரிக்காய், சுருண்டு உறங்கும் பூனை; இவற்றுக்கு நடுவே தட்டையான வெண்கல் ஒன்றில் பச்சைச் சட்னியோடு ஓர் இட்லி. எல்லாம் நோயாளிகளும் உடனிருப்போரும் ஓய்ந்த வேளைகளில் தீட்டியவை. "இத்தனை துயரம் நிறைந்த இடத்தில் இந்த விளையாட்டு எதற்கு? பெரியவர்களைக் குழந்தைகளாக்கவா?" என்று அண்மையில் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஓராண்டுக்கு முன் நானும் அதையே கேட்டவள்.

என் அம்மாவைப் பக்கவாதம் தாக்கியபோது வலக்கை செயலிழந்தது, பேச்சும் தடைப்பட்டது. நாற்பது ஆண்டுகளாக நாள் தவறாமல், புள்ளி பிசகாமல் வாசலில் கோலமிட்ட கை அது. இயன்முறை மருத்துவர் துணி உலர்த்தும் கிளிப்பை அழுத்தச் சொன்னார். கிண்ணத்திலிருந்து மொச்சைக் கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடச் சொன்னார். அம்மா கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். எடுத்துப் போட்ட கொட்டைகளை மறுபடியும் கிண்ணத்திலேயே கொட்டும் வேலையில் அவருக்கு என்ன பொருள் தெரிந்திருக்கும்? சில நாட்கள் கழித்து, கையடக்கமான கூழாங்கல் ஒன்றையும் தூரிகையையும் அவர்முன் வைத்தார்கள். தூரிகையின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கியிருந்தார்கள், விரல்கள் பற்றுவதற்காக. கல் நழுவாதிருக்க அடியில் ஈரத்துணி.

அம்மா பச்சை வண்ணத்தை எடுத்தார். கல்லின் கூனலான வடிவமே பாதித் தவளையாக இருந்ததால், மீதிப் பாதியை மட்டுமே அவர் தீட்ட வேண்டியிருந்தது. கல்லில் தீட்டுவதன் வசதி இதுவென்று பின்னால் உணர்ந்தேன். வெற்றுத்தாள் அச்சுறுத்தும், எங்கே தொடங்குவதென்று தெரியாது. கல்லோ தானே ஏதோ ஒன்றாக ஏற்கெனவே இருக்கிறது. கையில் கனக்கிறது. தவறாகத் தீட்டிவிட்டால், காய்ந்தபின் மேலே பூசி மறைத்துவிடலாம்.

ஒரு கண்ணைத் தீட்டி முடிக்கவே அன்றைய மாலை சரியாக இருந்தது. அந்தக் கண் தலையின் நடுவே, சற்றுக் கோணலாக, முட்டை உடைந்தாற்போல் வழிந்திருந்தது. களைத்து அம்மா உறங்கிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். தூரிகையை எடுத்து மறுகண்ணை வட்டமாக, அழகாக, கருவிழியில் வெள்ளைப் புள்ளியோடு தீட்டி வைத்தேன். காலையில் பார்த்தால் மகிழ்வார் என்று நினைத்தேன்.

அம்மா காலையில் கல்லைப் பார்த்தார். பின்பு என்னைப் பார்த்தார். அதன்பின் நான்கு நாட்கள் தூரிகையைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் தாமே கல்லை இழுத்து, நான் வரைந்த கண்ணின்மேல் பச்சையைப் பூசி மூடினார். அன்று பிற்பகல்தான் பக்கவாதத்துக்குப் பின் முதன்முறையாக ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொன்னார்: "இது என்னுடையது."

உடனிருப்போராகிய நமக்கு ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. பொத்தானை நாமே போடுகிறோம். சோற்றை நாமே பிசைகிறோம். மருத்துவர் அவரைக் கேட்கும் கேள்விக்கும் நாமே முந்திக்கொண்டு விடை சொல்கிறோம். பெரும்பாலும் வேறு வழியில்லை, நேரமுமில்லை. ஆனால் எல்லாவற்றையும் அன்பினால் பறித்துக்கொண்டபின் நோயுற்றவரிடம் மிஞ்சுவது என்ன? தோட்டத்துக் கல்லினால் எவருக்கும் அவசரமில்லை. அது கோணலாக இருந்தால் ஒரு நட்டமுமில்லை. ஆகவே நாம் கைவைக்காமலிருக்கப் பழகுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கை துறுதுறுத்தால் உங்களுக்கென்று வேறொரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இட்லியைத் தீட்டியவர், கணவரின் அறுவை முடியும்வரை வெளியே காத்திருந்த ஓர் அம்மையார். மறுநாள் ஆஞ்சியோகிராம் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு தோட்டத்தில் உலவிக்கொண்டிருந்த பெரியவர் அதைக் கண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கற்களில் ஊக்கமொழி எழுத வேண்டுமென்று சிலர் விரும்புகிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் கடற்கரையில், 2015ஆம் ஆண்டு மேகன் மர்ஃபி என்பவர் கற்களில் சிறு ஆறுதல் மொழிகளை எழுதிப் போடத் தொடங்கினார். அவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவிற்று. கடற்கரையில் அது நன்றே. மருத்துவமனைத் தோட்டத்தில் எனக்கு அது உவப்பாக இல்லை. 'நீ வெல்வாய்' என்னும் கல்லை, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று அன்று காலை கேட்டவரும் கடந்து செல்ல வேண்டும். தவளை எவரிடமும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

கல்லுக்கு வண்ணம் தீட்டினால் நோய் தீரும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோரை நம்பவும் வேண்டாம். ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வொன்று உண்டு. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அது மரங்களைப் பற்றிய ஆய்வு, கற்களைப் பற்றியதன்று. ஆயினும் கற்களைப் பார்க்கும் சாக்கில் நோயாளி மரத்தடிக்கு வருகிறார் என்பதை மறுக்க இயலாது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவையும் உண்டு. புற்றுநோய் மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைந்திருப்போர் தோட்டத்து மண்ணையும் அதில் கிடக்கும் கற்களையும் தொடலாகாது; மருத்துவரைக் கேட்டபின், சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி உலர்த்திய கல்லையே அவர்களுக்குத் தர வேண்டும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே போதும். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவைக் கொண்டுவர வேண்டாம். அலங்காரப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாதென்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் டப்பா அதற்கு முந்தியதாக இருக்கலாம். வாயில் போடுமளவு சிறிய கற்கள் குழந்தைகள் வரும் இடத்தில் வேண்டாம். நடைபாதையிலும் வைக்கலாகாது: கோல் ஊன்றி நடப்போர் இடறுவர், நீரிழிவினால் பாதத்தில் உணர்வு குன்றியோர் வெயிலில் சுட்ட கல்லை மிதித்தும் அறியார். கற்களுக்காக ஆற்றுக்குப் போக வேண்டியதில்லை; நர்சரிகளில் மூட்டையாகவே கிடைக்கின்றன. (மஞ்சளும் குங்குமமும் இட்டு மரத்தடியில் வைத்த கல்லை எவரும் எடுத்துவர மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.)

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது அம்மாவுடன் தோட்டத்துக்குப் போனேன். மழையிலும் வெயிலிலும் தவளையின் முதுகு வெளுத்திருந்தது. மறுபடியும் பச்சை பூசலாமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையசைத்தார். முந்தானையில் முடிந்து எடுத்துவந்திருந்த இன்னொரு கல்லை அவிழ்த்து, இடக்கையின் துணையோடு குனிந்து, தவளையின் அருகில் வைத்தார். அது என்ன உயிரினம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கண்கள் மூன்று இருந்தன.