தண்ணீர்ப் பந்தலில் பருவநிலை

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது சிக்கித் தவித்தவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெருமழைக்கு வாய்ப்பும் பெருகும். இவ்வுண்மை குளிரூட்டப்பட்ட கருத்தரங்குகளில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசப்பட்டு, அங்கேயே அடங்கிவிடுகிறது.

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளின் அடிவாரத்தில் திரளும் மக்களைப் போன்றதோர் அவை வேறெங்கு வாய்க்கும்? நெகிழிப் பையைத் தவிர்க்கச் சொல்லும் பலகையொன்றை நட்டுவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. (குப்பை வேறு, வெப்பம் வேறு.) மோர் வழங்கும் தொண்டரே, வெள்ள எச்சரிக்கை வந்தால் எப்போது வெளியேறுவது, எதை முதலில் எடுப்பது என்பதையும் தமிழில் சொல்லலாம். வெள்ளத்தில் உடைமை இழந்தவர் ஒருவரையே பந்தலில் பேச வைத்தால் இன்னும் நன்று. ஆலய நிர்வாகங்களுக்கு இதனால் பெருஞ்செலவு ஏதுமில்லை.