நாய் நக்கினால் புண் ஆறுமா?

“நாய் வாயி மனுசன் வாயவிட சுத்தம்யா” என்று சொல்லி, பெம்பானிலுள்ள என் பாட்டி சிறுவயதில் என் முழங்கால் காயத்தை நாயிடம் நக்கக் கொடுப்பார். இன்று இனிப்புநீரால் ஆறாத தம் கால்புண்ணையும் அதனிடமே நீட்டுகிறார்.

இது சரியா? இரு வாய்களிலும் நூற்றுக்கணக்கான பாக்டீரியா வகைகள் உண்டு. நாய் வாயில் கண்டவற்றுள் சுமார் 16 விழுக்காடே மனித வாயிலும் உள்ளன என்கிறது 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு. எது சுத்தம் என்பதன்று கேள்வி. அங்குள்ளவற்றுள் பல நம் உடலுக்குப் புதியவை. நாய்க்குத் தீங்கு செய்யாத பாஸ்டுரெல்லா நம் புண்ணில் புகுந்தால் சீழ் வைக்கும். இனிப்புநீர் உள்ளவர்க்கு ஆபத்து இன்னும் அதிகம். சரவாக்கில் 2017 முதல் உயிர்களைப் பறித்த வெறிநாய்க்கடி வைரசும் உமிழ்நீரில்தான் வருகிறது.

நாயை வெறுக்க வேண்டாம். அது புண்ணை நக்கிவிட்டால், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிக் கிளினிக்குக்குச் செல்வோம். இதைப் பாட்டிமாரிடம் பணிவோடு எடுத்துரைப்பது படித்த நம் கடமையன்றோ?