பொட்டு கீழே, கசிவு மேலே



என் பழைய காருக்கு அடியில் சில மாதங்களாகவே தினமும் ஒரு கறுப்புப் பொட்டு, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. நகரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அடியில் எட்டிப் பார்த்ததுமே, “கிராங்க் ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்” என்றார்கள். சீல் என்பது சின்ன ரப்பர் வளையம்தான். ஆனால் அது இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரத்தான் அத்தனை வேலை. செலவுக்குப் பயந்து தள்ளிப்போட்டேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோவளத்தில் இரண்டு நாள் தங்கினேன். மீனவர் குடியிருப்பை ஒட்டி ஒரு சின்ன மெக்கானிக் கடை. கடைக்காரர் படகு எஞ்சினில் தொழில் பழகி, பிறகு காருக்கு வந்தவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுத்தார். “ராத்திரி வண்டிக்கு அடியில விரிச்சு வைங்க சார். முன்பக்கம் எதுன்னு பேனாவால குறிச்சுக்கங்க.”

காலையில் பார்த்தால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே பொட்டு. நகரத்தில் சொன்னது சரிதானோ என்று மனசு சோர்ந்தது. அவர் விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். கறுப்பாக வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ தித்திப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ. வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வருவது, கவலையில்லை.

எஞ்சின் நன்றாக ஆறியபின், ஒயரிங் பக்கம் நனையாமல் மூடி, எண்ணெய்ப் பிசுக்கு முழுவதையும் கழுவித் துடைத்தார். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை ஊதித் தூவினார். மாமல்லபுரம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினோம். டார்ச் அடித்தபோது, மேலே டேப்பட் கவரின் பின்விளிம்பில் வெள்ளைப் பவுடர் நடுவே நூல் மாதிரி ஓர் ஈரக்கோடு இறங்கியிருந்தது. கிராங்க் சீல் பக்கம் வறண்டே கிடந்தது. சூட்டில் இறுகிப்போன டேப்பட் கவர் பேக்கிங்தான் காரணம். அரை நாளில் புதுசு மாற்றிவிட்டார்.

“லீக்கை எப்பவும் மேலேர்ந்து தேடணும் சார்” என்றார். ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும். நின்ற வண்டியில் அது கீழே வழியும். சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அங்கேதான் முதல் சந்தேகம். அடுத்து ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், ட்ரெயின் பிளக் வாஷர். கடலோரத்தில் புழங்கும் வண்டி என்றால், உப்புக்காற்றில் ஆயில் சம்பின் தகடு துருப்பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலிலும் ஆயில் கசியும். அதைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் கசிவு திரும்ப வரும்.

காரணம் தெரியும்வரை ஆயில் அளவைக் கவனியுங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். பல கார்களில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே சுமார் 1 லிட்டர்தான். ஓட்டும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால், உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். கருகிய எண்ணெய் வாசனை வந்தால், சூடான சைலன்ஸர் குழாயில் ஆயில் சொட்டிக்கொண்டிருக்கலாம். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு, ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். பொட்டு இருந்தால் பதற வேண்டாம். யாராவது பெரிய வேலை என்று சொன்னால், “முதல்ல கழுவிப் பார்த்துடலாம்” என்று தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்