அரிசியில் கல் கடிபட்ட அன்று

அரிசியில் கல் பொறுக்குவதில் என் மாமியாரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் பொறுக்கிய அரிசியில் கல் கடிபட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது.

"ஆமாம்மா, ஒரு வருஷமாவே எல்லாம் புகை மூட்டமாத்தான் தெரியுது. சொன்னா ஆயிரக்கணக்குல செலவாகுமே! புரை நல்லா முத்தட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

முற்றும்வரை காத்திருக்க வேண்டாம் சகோதரிகளே! அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்றாலே ஆபரேஷன் செய்யலாம். ரொம்பவும் முற்றவிட்டால்தான் சிக்கல்.

செலவைப் பெரிதும் கூட்டுவது, குறைப்பது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்தான். சாதாரண லென்ஸே தூரப் பார்வைக்குப் போதும். படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும். 1992இல் மதுரையில் ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகு அதன் விலை வெகுவாக இறங்கிவிட்டது.

அரசு மருத்துவமனையில் லென்ஸோடு ஆபரேஷன் இலவசம். அரவிந்த் கண் மருத்துவமனை முகாமில் தேர்வானால் போக்குவரத்தும் சாப்பாடும்கூட இலவசம். இன்ஷூரன்ஸ் உண்டா? கண்புரைக்குக் காத்திருப்புக் காலமும் உச்சவரம்பும் எவ்வளவு என்று முதலிலேயே விசாரியுங்கள்.

மாமியாருக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் கழித்து முறத்தைக் கையில் எடுத்தவர், "ஏம்மா, அடுப்படிச் சுவர் இவ்வளவு அழுக்காவா இருக்கு?" என்றாரே பார்க்கலாம்!

பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.