பெருமூச்சும் மின்னலையும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் குமுதினிப் படகுக்காகக் காத்திருந்த ஒரு பிற்பகலில், யாழ்ப்பாணத்துக் கிளினிக்கிலிருந்து மருந்துப் பையோடு நெடுந்தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "உடம்புக்கு என்ன ஆச்சி?" என்று கேட்டேன். சிறிது நேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டு, நெஞ்சின் ஆழத்திலிருந்து ஒரு பெருமூச்சு விட்டு, "ஒண்டுமில்லை மோனை, யோசனைதான். ராவு முழுக்க யோசனை" என்றார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் இந்த யோசனை என்பது தீர்வு தேடும் சிந்தனையன்று. செக்குமாடு போலச் சென்ற தடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து, உறக்கத்தையும் பசியையும் கொண்டுபோகும் ஒரு மனத்துயரின் பெயர். இன்று மூளையை ஆராய்பவர்கள் இதே சுற்றலைத் தங்கள் உபகரணங்களால் தேடுகிறார்கள். எந்தக் காரியத்திலும் ஈடுபடாமல் நாம் சும்மா இருக்கும்போதும் மூளையின் சில பகுதிகள் ஓயாது இயங்குகின்றன என்பதை 2001இல் மார்க்கஸ் ரெய்க்கிளும் அவருடைய சகாக்களும் எடுத்துக்காட்டிய பின்னர், தன்னையே நினைந்து மறுகும் மனத்துக்கும் அந்த ஓய்வுநேர இயக்கத்துக்கும் உள்ள சம்பந்தம் பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது.

தலையின்மேல் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் வித்தையை ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதரிடத்தில் முதன்முதலாகச் செய்துபார்த்து, 1929இல் உலகுக்கு அறிவித்தார். அந்த மனிதரே பின்னாளில் மனச்சோர்வுக்கு ஆளாகி, 1941இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி, எப்போது நினைத்தாலும் என் நெஞ்சைக் கனக்கச் செய்கிறது.

அவர் வைத்துச் சென்ற கருவியைக் கொண்டு, நோய் வருமுன்னரே அதன் நிழலைக் காணமுடியுமா என்பதே இன்றைய கேள்வி. அமெரிக்காவில் செய்யப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அதுவரை மனச்சோர்வு நோய்க்கு ஆளாகாத 444 இளம் பெண்களுக்கு ஓர் எளிய விளையாட்டைக் கொடுத்தார்கள். திரையில் இரண்டு கதவுகள் தோன்றும். ஒன்றைத் தெரிந்தெடுத்தால் சிறு பணம் கிடைக்கும், அல்லது கைவிட்டுப் போகும். கிடைத்தது என்று அறிந்த பின், ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்கு கழிவதற்குள் மூளையில் ஓர் அலை எழுகிறது. அந்த அலை தாழ்ந்திருந்த பிள்ளைகளுள், குறிப்பாக முன்னரே சிறிது சஞ்சலம் கொண்டிருந்தவர்களுள், அடுத்த 18 மாதங்களில் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் அதிகம். துக்கம் வருவதற்கு முன்னரே சந்தோஷத்தை ஏற்கும் வாசல் குறுகியிருக்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன்.

ஆயினும், இதற்கு முன்னும் இப்படியொரு நம்பிக்கை எழுந்ததுண்டு. முன்மூளையின் இடப்பக்க வலப்பக்க அலைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வே மனச்சோர்வின் லட்சணம் என்று பல ஆண்டுகள் பேசப்பட்டது. 2017இல் பல ஆய்வுகளை ஒருங்கு திரட்டிப் பார்த்தபோது, நோயை நிர்ணயிக்க அது அதிகம் உதவாது என்றே தெரிந்தது. நோய் வரப்போகிறவரையும் வராதவரையும் நூற்றுக்கு 80 தடவை சரியாகப் பிரித்தறியும் பரீட்சை ஒன்று கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். 100 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் வரவிருக்கிறதென்றால், அவர்களில் 8 பேரை அது கண்டுகொள்ளும். வராத 90 பேரில் 18 பேரையும் சேர்த்துக் குறித்துவிடும். 'விசர்' என்ற ஒரு சொல், சம்பந்தம் பேசவந்தவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பிவிடும் எங்கள் தீவுகளில், அந்த 18 பிள்ளைகளின் கதி என்ன என்பதை ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அட்டவணைகள் சொல்லமாட்டா.

மேலும், எங்கள் துயரம் தனியொருவர் மண்டைக்குள் மாத்திரம் பிறந்ததன்று. 1985 மே 15ஆம் நாள் இதே குமுதினியில், நடுக்கடலில், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் தீவுகளின் வீடுகள் வெறுமையாகின. திரும்பி வந்தவர்கள் சிலர், வராதவர்கள் பலர். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் என்று பெருமையோடும் தனிமையோடும் ஒரே மூச்சில் சொல்லும் பெற்றோரை ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் நான் கண்டிருக்கிறேன். யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டின் ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 22 பேரளவில் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. மின்வாய்களால் அன்று, வீடுவீடாகச் சென்று கேட்ட வினாக்களால். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தத்தின் வடு தனிமனிதரோடு நில்லாது குடும்பத்தையும் கிராமத்தையும் சேர்த்தே பற்றுகிறது என்று எழுதிவந்திருக்கிறார். ஒரு கிராமத்தின் தலையில் மின்வாயைப் பொருத்த எவராலும் இயலாது.

ஆகையால் என் அபிப்பிராயம் இது: ஆராய்ச்சி நடக்கட்டும், எங்கள் பிள்ளைகளையும் உட்படுத்தியே நடக்கட்டும், ஏனெனில் நியூயோர்க் சிறுமியின் அலைக்குரிய அளவுகோல் நெடுந்தீவுச் சிறுமிக்கும் பொருந்துமென்று கொள்ள நியாயமில்லை. ஆனால் அளவுகோல் வரும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. வீடுதோறும் சென்று தாயையும் சேயையும் பார்க்கும் குடும்பநல மருத்துவமாது, கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமற்றுப் போனதா என்று அந்த வீட்டின் எல்லாரிடமும் கேட்பதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தோடு பேசலாம் என்ற விவரம் ஒவ்வோர் இறங்குதுறையிலும் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கேட்ட வினாவுக்கு 'ஆம்' என்று விடை சொன்னவர், தெல்லிப்பழைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ படகும் பஸ்ஸும் மாறி ஒரு முழு நாளைச் செலவிட நேராதபடி, மனநல வைத்தியர் மாதமொருமுறையேனும் தவறாது தீவுகளுக்கு வரவேண்டும்.

அன்று படகு வந்தபோது ஆச்சியின் பையை நான் தூக்கிக் கொடுத்தேன். அதிலிருந்தவை ஒரு மாதத்துக்கு வேண்டிய குளிகைகள். அடுத்த மாதம் கச்சான் காலம், கடல் பொங்கினால் எப்படி வருவீர்கள் என்று கேட்டேன். வரமாட்டேன், அதைத்தான் மோனை யோசிக்கிறன் என்றார்.